நோயாளியின் நித்திரை

மாலை நேரம். வைத்தியசாலையின் வாயிற்கதவு திறக்கப்படுகின்றது. அதுவரை வெளியே காத்துநின்ற கூட்டம் உள்ளே விரைகின்றது. ஒருவர் கையில் இளநீர். மற்றொருவர் கையில் தோடம்பழப் பை. இன்னொருவர் கையில் சுடுநீர்ப் போத்தல் நிறையக் கோப்பி. விடுதியின் மூலைக் கட்டிலில், வயிற்றிற் சத்திரசிகிச்சை செய்துகொண்ட முதியவர் ஒருவர் படுத்திருக்கின்றார். முதல்நாள் இரவு முழுவதும் நோவினாற் கண் மூடாதவர், பிற்பகலில் நோ சற்றுத் தணிந்தபின் அப்பொழுதுதான் கண்ணயர்ந்திருக்கின்றார். ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த உறவினர் ஐவர் கட்டிலைச் சூழ்ந்து நிற்கின்றனர். "பெரியப்பு நித்திரை போல கிடக்கு" என்கின்றான் ஒருவன். "எழுப்பு தம்பி, எங்களைக் கண்டால் அவருக்கும் ஒரு ஆறுதல்தானே" என்கின்றார் மற்றவர். தோளில் ஒரு கை படுகின்றது. முதியவர் திடுக்குற்று விழிக்கின்றார். விழித்தவர், வந்தவர்களை உபசரிக்கும் பாவனையிற் புன்னகை செய்ய முயல்கின்றார்.

வந்தவர்கள் யாவரும் அன்பினால் வந்தவர்கள். நோயுற்றவரைச் சென்று பாராதிருத்தல் பெருங் குறையென எண்ணும் சமுதாயத்திற் பிறந்தவர்கள். ஆயினும், இளநீரும் தோடம்பழமும் ஈடுசெய்ய இயலாத ஒன்றை அந்த முதியவரிடமிருந்து அவர்கள் அறியாமலே பறித்துவிட்டார்கள். அன்றிரவு அவருக்கு மீண்டும் அத்தகைய நித்திரை கிட்டுமா என்பது ஐயமே.

தமிழ் மரபு நித்திரையை இருவேறு கண்களால் நோக்கி வந்துள்ளது. வள்ளுவர், கெட்டொழிவார் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கு எனக் கொண்டு, காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல் ஆகிய மூன்றோடு துயிலையும் சேர்த்துவைத்தார். கும்பகருணன் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நீண்ட நித்திரை நகைப்புக்கு இடமானது. எல்லோரும் துயின்றபின் துயின்று, எல்லோரும் எழுமுன் எழுபவளே நல்ல இல்லாள் என்பது பாட்டிமார் வழங்கிய தீர்ப்பு. வைத்தியர் மரபோ வேறு கூறிற்று. அடக்கலாகாத வேகங்கள் பதினான்கு என எண்ணிய சித்த வைத்தியம், பசி, தாகம், தும்மல், இருமல் என்பவற்றின் வரிசையில் நித்திரையையும் வைத்தது. ஆயுர்வேத நூலாகிய சரக சங்கிதை, உடலைத் தாங்கும் துணைத்தூண்கள் மூன்றென்று கூறி, உணவுக்கு அடுத்த இடத்தை நித்திரைக்கு அளித்தது. இவ்விரு மரபுகளுக்கும் உண்மையில் முரண்பாடு இல்லை. வள்ளுவர் கடிந்தது செயலாற்ற வல்லவனின் மடியை. வைத்தியர் காக்கச் சொன்னது உடல் தானே கேட்கும் துயிலை. இரண்டையும் ஒன்றெனக் கொண்டதன் பயனே, காய்ச்சற்காரப் பிள்ளை கண்மூடிக் கிடந்தால், "எழும்பி இருந்து ஏதாவது சாப்பிடு" என்று மணிக்கொருமுறை உலுப்பும் வழக்கம்.

நித்திரை என்பது உடலும் மூளையும் வேலையின்றிக் கிடக்கும் நிலை என்றே மேனாட்டு அறிஞரும் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். மண்டையோட்டின்மேல் மின்வாய்களை வைத்து மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் முறையை ஜேர்மானிய வைத்தியர் ஹான்ஸ் பேர்கர் 1929ஆம் ஆண்டில் வெளியிட்டபின்னரே அவ்வெண்ணம் தளரத் தொடங்கிற்று. சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் நதானியேல் கிளைற்மன் என்னும் பேராசிரியரிடம் ஆய்வு மாணவராயிருந்த இயூஜின் அசெரின்ஸ்கி, உறங்குவோரின் கண்ணசைவுகளை இரவிரவாகப் பதிந்து வந்தார். அவர் பரிசோதித்தவர்களுள் அவருடைய சிறு மகனும் ஒருவன். மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் சில வேளைகளில் விரைந்து அங்குமிங்கும் ஓடுவதையும், அவ்வேளையில் மூளை விழித்திருப்பவரின் மூளையைப் போன்றே தொழிற்படுவதையும் அவர் கண்டார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து 1953இல் அதனை வெளியிட்டனர். கனவுகள் பெரும்பாலும் தோன்றும் துயில் அதுவே என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று.

ஆகவே நித்திரை என்பது ஒரே தன்மையான நீண்ட இருள் அன்று. முதலில் இலேசான துயில்; பின்னர் எளிதில் எழுப்ப முடியாத ஆழ்ந்த துயில்; அதன்பின் கண்கள் ஓடும் கனவுத் துயில். இச்சுற்று ஒன்று நிறைவெய்த ஏறத்தாழ 90 நிமிடங்கள் செல்லும். ஓர் இரவில் நான்கு அல்லது ஐந்து சுற்றுகள் நிகழ்கின்றன. ஆழ்ந்த துயிலின் பெரும்பகுதி இரவின் முற்கூறிலும், கனவுத் துயிலின் பெரும்பகுதி விடியற்புறத்திலும் அமைகின்றன. நெசவுத் தறியில் நூல் அறுந்தால் அறுந்த இடத்திலிருந்தே முடிந்து தொடரலாம். நித்திரை அவ்வாறு தொடர்வதில்லை. விழித்தவர் மீண்டும் இலேசான துயிலிலிருந்தே தொடங்கவேண்டியவராகின்றார். எட்டு மணி நேரம் கட்டிலிற் கிடந்தும், அரைமணிக்கு ஒருமுறை எழுப்பப்பட்டவர் காலையிற் களைத்துக் கிடப்பதன் காரணம் இதுவே.

ஆழ்ந்த துயிலின்போது உடல் என்ன செய்கின்றது? குருதியமுக்கம் பகலிலுள்ளதினும் நூற்றுக்கு 10 முதல் 20 வரை குறைகின்றது. இதயத் துடிப்பு தளர்கின்றது. நாள்தோறும் இடையறாது உழைக்கும் இதயத்துக்கு அது ஒரு சிறு இளைப்பாறல். வளர்ச்சி ஓமோன் எனப்படும் சுரப்பு, இரவின் முதல் ஆழ்ந்த துயிலோடு சேர்ந்தே குருதியிற் பெருகுகின்றது என்பதை 1968இல் ஐக்கிய அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். துயில் தாமதமானால் அச்சுரப்பும் தாமதமாகின்றது. பிள்ளைகளின் வளர்ச்சிக்கு மாத்திரமன்றி, முதிர்ந்தோரின் தசையும் தோலும் பழுது தீர்வதற்கும் அவ்வோமோன் வேண்டப்படுவது. மூளையிற் சேரும் கழிவுகள் துயிலின்போதே கழுவிச் செல்லப்படுகின்றன என்று எலிகளில் நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளிவந்து பெரிதும் பேசப்பட்டது. ஆயின் 2024இல் வெளிவந்த மற்றோர் எலி ஆய்வு அதற்கு மாறான முடிவைக் கூறிற்று. வழக்கு இன்னும் தீரவில்லை. ஆதலின் அக்கூற்றை உறுதியான உண்மையாகக் கொள்ளாமல் விடுதலே நேர்மை.

நோயுற்றவர் விடயத்தில் வேறொரு செய்தி முதன்மையானது. காய்ச்சல் வந்தவருக்கு நித்திரை மிகுவதை எந்தத் தாயும் அறிவாள். அது நோயின் விளைவாகிய வெறுஞ் சோர்வு மாத்திரம் அன்று. கிருமிகளை எதிர்க்கும் குருதிக் கலங்கள் வெளிவிடும் சில பொருள்களே மூளையைத் தாக்கி நித்திரையை, அதிலும் ஆழ்ந்த நித்திரையை, வருவிக்கின்றன என்பது 1980ஆம் ஆண்டுகளிற் புலனாயிற்று. படை போருக்குச் செல்லும்போது ஊரவரை வீட்டுக்குள் இருக்குமாறு பணிப்பதை அது ஒக்கும். அப்பணிப்பை மீறினால் என்ன நேரும் என்பதற்கும் சான்று உண்டு.

பிற்சுபேர்க்கு நகரிலுள்ள கார்ணகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெல்டன் கோஹன் என்பவரும் அவர் குழுவினரும், உடல்நலம் வாய்ந்த 153 ஆண் பெண்களைத் தேர்ந்தெடுத்தனர். பதினான்கு நாள்களாக ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் துயின்றனர் என்பதை முதலிற் குறித்துக்கொண்டனர். பின்னர் அவர்களைத் தனித்திருக்கச் செய்து, தடிமனை உண்டாக்கும் வைரசுத் துளிகளை எல்லோர் மூக்கிலும் விட்டனர். எல்லோருக்கும் ஒரே கிருமி. எல்லோருக்கும் ஒரே வகையான இருப்பிடம். ஆயினும் ஏழு மணி நேரத்திற் குறைவாகத் துயின்றவர்கள், எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ துயின்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தடிமனுக்கு ஆளாயினர். இவ்வாய்வு 2009இல் வெளிவந்தது. அதற்கு முன்னரே, 2002இல், சிக்காகோ ஆய்வாளர் வேறொரு பக்கத்திலிருந்து இதே உண்மையை அணுகியிருந்தனர். ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மாத்திரமே துயிலவிடப்பட்ட இளைஞருக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி ஏற்றப்பட்டது. பத்து நாள் கழித்துப் பார்த்தபோது, வழக்கம்போற் துயின்றவர்களின் குருதியிலுள்ள எதிர்ப்புப் பொருளில் அரைப்பங்குதானும் அவ்விளைஞரின் குருதியில் இருக்கவில்லை. மருந்து ஒன்றே, ஊசி ஒன்றே, வேறுபட்டது நித்திரை மாத்திரமே.

அதே சிக்காகோக் குழுவினர் 1999இல் நடத்திய ஆய்வும் நீரிழிவுக்காரர் மலிந்த இந்நாட்டவர் சிந்திக்கத்தக்கது. ஆறு நாள் நான்கு மணித் துயிலுடன் இருந்த திடகாத்திரமான இளைஞர் பதினொருவரின் உடல், குருதியிலுள்ள சீனியைக் கையாளும் திறனிற் பின்வாங்கிற்று. இளைஞருக்கே இவ்வாறாயின், சீனிவியாதியோடு காலிற் புண்பட்டு விடுதியிற் கிடப்பவரின் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

இக்கருவிகளும் கணக்குகளும் தோன்றுமுன்பே, நோயாளியின் நித்திரைக்காக வழக்காடிய பெண்மணி ஒருவர் இருந்தார். கிரைமியப் போரிற் காயமுற்ற வீரரைப் பராமரித்துப் பேர்பெற்ற புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரே அவர். அவர் 1859இல் வெளியிட்ட நோயாளர் பராமரிப்புக் குறிப்புகள் என்ற நூலிற் சத்தத்துக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நோயாளியை வேண்டுமென்றோ தவறுதலாகவோ எழுப்பாதிருத்தல் நல்ல பராமரிப்பின் முதல் நிபந்தனை என்பது அவர் கொள்கை. முதல் நித்திரையிலேயே எழுப்பப்பட்டவர் பின்னர் அன்றிரவு துயிலாமலே போவார் என்றும், சில மணி நேரம் துயின்றபின் விழித்தவரோ எளிதில் மீண்டும் துயில்வார் என்றும் அவர் கண்டறிந்து எழுதினார். நித்திரை நித்திரையை வளர்க்கும். நித்திரையின்மை நித்திரையின்மையை வளர்க்கும் என்பது அவர் கருத்து. நோவும் அத்தகையதே எனக் கண்டார். துயில் குறைந்தவருக்கு அதே நோ பன்மடங்காகத் தோன்றும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் உறுதிசெய்துள்ளன.

அம்மையாரின் கூர்மை வியக்கத்தக்கது. பெருஞ்சத்தத்தைவிட, நோயாளியின் கதவுக்கு வெளியே நிகழும் இரகசியப் பேச்சே கொடியது என்றார் அவர். ஏனெனில், தன்னைப் பற்றியே பேசுகின்றார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பவன் எங்ஙனம் உறங்குவான்? சரசரக்கும் பாவாடைகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. கட்டிலருகே அமர்ந்து, "ஒன்றும் யோசிக்காதே, நான்கு நாளில் எழும்பிவிடுவாய்" என்று தேற்றுவோருக்கும், தமக்குத் தெரிந்த மருந்தையெல்லாம் எடுத்துரைப்போருக்கும் தனியே ஓர் அதிகாரம் எழுதிக் கண்டித்தார். இலங்கை வைத்தியசாலை விடுதியொன்றின் மாலைக் காட்சியைக் கண்டே அதனை எழுதினாரோ என்று நினைக்கத் தோன்றும்.

அம்மையார் காலத்தில் இல்லாத சத்தங்கள் பின்னர் பெருகின. நோயாளர் விடுதியில் இரவுச் சத்தம் 30 டெசிபெலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டிற்று. முப்பது டெசிபெல் என்பது மெல்லிய குசுகுசுப்பின் அளவு. இயல்பான பேச்சு அறுபதை எட்டும். பல நாடுகளில் எடுக்கப்பட்ட அளவீடுகளை ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2005இல் தொகுத்துப் பார்த்தபோது, வைத்தியசாலைகளின் இரவுச் சத்தம் 1960இல் 42 டெசிபெலாக இருந்து, 60 டெசிபெலாக உயர்ந்திருந்ததைக் கண்டனர். ஆக, இரவெல்லாம் ஒருவர் கட்டிலருகே நின்று பேசிக்கொண்டிருப்பதற்கு அது ஒப்பாகும். அபாய மணி எழுப்பும் இயந்திரங்கள், உருளும் வண்டிகள், இரும்பு அலுமாரிக் கதவுகள், தாதியர் மேசையின் உரையாடல், அயற்கட்டிலின் கைத்தொலைபேசி என்பன எல்லாம் அந்த அறுபதினுள் அடங்கும்.

இதனாற் பெரிதும் அல்லலுறுவோர் முதியோரே. எழுபதோ எண்பதோ வயதான ஒருவர், இடுப்பெலும்பு முறிந்தோ நெஞ்சிற் சளி கட்டியோ அனுமதிக்கப்படுகின்றார். வரும்போது தெளிவாகப் பேசியவர் இரண்டாம் மூன்றாம் இரவில் திடீரென மாறிவிடுகின்றார். இறந்துபோன தமையனை அழைக்கின்றார். கையிலுள்ள ஊசிக்குழாயைப் பிடுங்குகின்றார். மாட்டை அவிழ்க்கவேண்டும் என்று நள்ளிரவிற் கட்டிலைவிட்டு இறங்குகின்றார். அவருக்கு மூளை கலங்கிவிட்டதென்று பிள்ளைகள் அழுகின்றனர். காற்றுச் சேட்டை என்று நூல் கட்ட முயல்வோரும் உளர். இது கடும் நோயின்போது முதியோருக்கு வரும் மனக்குழப்பம், பெரும்பாலும் தீரக்கூடியது. ஆயின், வந்தவர் குணமடைய நெடுநாள் செல்லும். சிலர் பழைய தெளிவை முற்றாகப் பெறாமலும் போவர். கிருமித் தொற்று, நீர்க்குறைவு, சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. நித்திரை குலைதலும் அவற்றுள் ஒன்று.

ஐக்கிய அமெரிக்காவில் ஷரன் இனூயி என்ற வைத்தியப் பேராசிரியை, எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளரை வைத்து நடத்திய ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு வழமையான பராமரிப்பு. மறுபகுதியினருக்கு அதனோடு சில எளிய கருமங்களும் சேர்க்கப்பட்டன. பகலில் எழுந்து நடக்கவைத்தனர். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மறவாமற் கொடுத்தனர். இரவிற் குளிசைக்குப் பதிலாக இளஞ்சூடான பால் அல்லது மூலிகைத் தேநீர், முதுகை இதமாகத் தேய்த்துவிடல், மெல்லிய இசை என்பவற்றை அளித்தனர். நோயாளர் தடையின்றித் துயிலும்படி மருந்து வேளைகளை மாற்றி, விடுதியின் சத்தத்தையும் குறைத்தனர். வழமையான பராமரிப்புப் பெற்றோருள் நூற்றுக்கு 15 பேர் மனக்குழப்பத்துக்கு ஆளாகினர். மறுபகுதியினருள் நூற்றுக்கு 9.9 பேரே ஆளாகினர். ஒரு குவளைப் பாலும் ஒரு கையின் இதமும் இத்துணை செய்யுமென எந்த மருந்துக் கம்பனியும் விளம்பரம் செய்யப்போவதில்லை.

வைத்தியசாலையிலிருந்து வீடு வந்தவரின் நிலை வேறு. அங்கே அவரை எழுப்பும் மணி இல்லை. ஆயின் அவரைத் துயிலவிடாத வேறு பல உள. உடலுக்குள் ஒரு மணிக்கூடு உண்டு. அது வெளிச்சத்தால் நேரம் திருத்திக்கொள்வது. அதன் உள்ளியக்கத்தை ஈக்களில் ஆராய்ந்து கண்ட அமெரிக்கர் மூவருக்கு 2017இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. ஆயினும் அதன் முதற் சான்றைத் தந்தது ஒரு செடி. பிரான்சு நாட்டு அறிஞர் டி மைரான் 1729இலேயே, பகலில் விரிந்து இரவிற் கூம்பும் தொட்டாற்சுருங்கி இனச் செடியொன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சமே காணாத அச்செடி அப்பொழுதும் வேளை தவறாமல் விரிந்து கூம்பிற்று. புளிய மரத்தின் இலைகள் மாலையிற் கூம்புவதை இந்நாட்டுப் பிள்ளைகள் அன்றாடம் காண்பர். மனிதனிடமும் அத்தகைய உள்மணிக்கூடு உளது. சாளரத்தை மூடி, பகலெல்லாம் அரையிருட்டில் நோயாளியைக் கிடத்தி, இரவில் தலைக்குமேல் மின்விளக்கை எரியவிட்டால், அம்மணிக்கூடு பகலெது இரவெதுவெனத் தடுமாறும். குணமடைந்து வருபவரைக் காலையில் விறாந்தைக்குக் கொணர்ந்து வெளிச்சத்தில் இருத்துவதும், சற்று நடக்கவிடுவதும், பிற்பகலில் அரைமணி நேரத்துக்கு மேல் உறங்கவிடாதிருப்பதும் அன்றிரவின் நித்திரைக்கு இடும் வித்து. காய்ச்சல் கொதிக்கும் நாள்களுக்கு இவ்விதி பொருந்தாது. அப்போது நித்திரை எவ்வேளை வந்தாலும் வரவிடல் வேண்டும்.

கோப்பி விடயம் சிறிது கசப்பானது. மாலையிற் குடித்த கோப்பியின் வேகம் ஐந்தாறு மணி நேரம் கழித்தும் அரைவாசி உடலில் நின்றுகொண்டிருக்கும். பார்க்க வருவோர் அன்போடு ஊற்றிக்கொடுக்கும் கோப்பியும், கடுஞ்சாயத் தேநீரும் நள்ளிரவில் வந்து கணக்குக் கேட்கும். நுளம்பு வலை பழைய காலத்துப் பொருளென்று பல வீடுகளிற் கைவிடப்பட்டுள்ளது. மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு 2016இற் சான்று வழங்கியபின் அவ்வெண்ணம் வலுத்திருக்கலாம். டெங்கு நுளம்போ பகலிற் கடிப்பது. ஆகையாற் பகலிற் கண்ணயரும் நோயாளிக்கும் குழந்தைக்கும் பகலிலும் வலை வேண்டும். காதருகே ரீங்காரமின்றித் துயில்வது அதனால் வரும் மேலதிகப் பேறு.

அயலாரின் சத்தத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிய வழக்கொன்றில் இலங்கை உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தபோது, பொது விதியாக இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது எனப் பணித்தது. கொண்டாட்டமாயினும் வழிபாடாயினும், அடுத்த வீட்டில் நோயாளி ஒருவர் படுத்திருக்கக் கூடும் என்ற எண்ணம் தீர்ப்பு இல்லாமலே வந்திருக்கவேண்டியது.

நித்திரை வராவிடின் குளிசை இருக்கின்றதே என்பர் சிலர். நித்திரைக் குளிசையின் வரலாறு மகிழ்ச்சியானதன்று. பார்பிற்றூரேற்று இனத்தைச் சேர்ந்த முதல் மருந்து ஜேர்மனியில் 1903இல் வெளிவந்தது. பழக்கத்துக்கு அடிமையாக்கியும், அளவு மீறியவிடத்து மூச்சை நிறுத்தியும் அவ்வினம் பல உயிர்களைக் கொண்டது. அதனினும் கொடிய நிகழ்ச்சி 1957இல் தொடங்கிற்று. தலிடோமைட்டு என்ற நித்திரை மருந்து, கருவுற்ற பெண்களும் அஞ்சாமல் உட்கொள்ளத்தக்கதென மேற்கு ஜேர்மனியில் விற்கப்பட்டது. கையும் காலும் வளர்ச்சியற்ற குழந்தைகள் பிறக்கலாயின. ஜேர்மனியில் விடூகின்டு லென்ஸ், அவுஸ்திரேலியாவில் வில்லியம் மக்பிறைட்டு ஆகிய வைத்தியர்கள் 1961இல் எச்சரித்தபின் அது மீளப்பெறப்பட்டது. அதற்குள் உலகெங்கும் ஏறத்தாழப் பத்தாயிரம் குழந்தைகள் குறையுடன் பிறந்துவிட்டன. இக்கால மருந்துகள் அவற்றிலும் பாதுகாப்பானவை. வைத்தியர் குறித்த அளவிற் சில நாள்களுக்கு அவற்றால் நன்மையும் உண்டு. ஆயினும் முதியோர் இரவில் எழுந்து நடக்கையில் விழுந்து எலும்பு முறிவதற்கு அவை காரணமாவது பலகாலும் காணப்படுவது. நெடுநாள் நித்திரையின்மைக்கு முதற் சிகிச்சை குளிசையன்று, படுக்கைப் பழக்கத்தையும் அதுபற்றிய கவலையையும் திருத்தும் உளவியற் பயிற்சியே என்று அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2016இல் விதந்துரைத்தது. அண்டை வீட்டாரின் குளிசையைக் கடன் வாங்கி விழுங்குவதைப் பற்றிக் கூற யாதும் இல்லை.

குறட்டையையும் இங்கு மறத்தலாகாது. "ஐயா நல்ல நித்திரை, குறட்டை தெருவரை கேட்கின்றது" என்று வீட்டார் மகிழ்வர். சிலருடைய குறட்டை திடீரென நின்று, மூச்சும் நின்று, பின்னர் திணறலோடு மீண்டும் தொடங்குவதை உற்றுக் கேட்போர் அறிவர். தொண்டை அடைபடுவதால் நிகழும் இது, இரவிற் பல தடவை ஒட்சிசனைக் குறைத்து, உறங்குபவர் அறியாமலே அவரை எழுப்புகின்றது. பகலெல்லாம் தூங்கிவழிவதும் அடங்காத குருதியமுக்கமும் இதன் அறிகுறிகளாகலாம். சிட்னி நகரில் கொலின் சலிவன் என்பவர் 1981இல், மூக்குவழியே காற்றை அழுத்தத்துடன் செலுத்தித் தொண்டையைத் திறந்துவைக்கும் கருவியை வெளியிட்டார். சத்திரசிகிச்சைக்குச் செல்பவருக்கு இக்குறை இருப்பின், மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியரிடம் அதனை முன்கூட்டியே சொல்லவேண்டும். சொல்லவேண்டியவர் நோயாளியல்லர், அருகிற் படுப்பவரே.

இத்துணையும் நித்திரைக்காகக் கூறியபின், எதிர்ப்பக்கமும் கூறவேண்டும். நோயாளியின் கண்மூடல் எல்லாம் நித்திரையன்று. தலையில் அடிபட்டவர் வழமைக்கு மாறாக அயர்ந்து கிடப்பதும், நீரிழிவு மருந்து உட்கொள்பவர் வியர்த்து மயங்கிக் கிடப்பதும் உடனே வைத்தியரை நாடவேண்டிய நிலைகள். டெங்குக் காய்ச்சலிற் காய்ச்சல் இறங்கும் வேளையே ஆபத்தான வேளை. அப்போது பிள்ளை வயிற்று நோவுடனோ வாந்தியுடனோ சோர்ந்து தூங்கிவழியுமாயின், "காய்ச்சல் விட்டுவிட்டது, நிம்மதியாகத் துயில்கின்றான்" என்று விட்டுவிடலாகாது. இலங்கையில் 2017ஆம் ஆண்டில் மாத்திரம் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளரெனப் பதியப்பட்டனர் என்பதை நினைந்தால் இவ்வெச்சரிக்கை மிகையன்று. மெல்ல அழைத்தாற் கண்திறந்து, தெளிவாகப் பேசி, நீரருந்தி, மீண்டும் கண்மூடுவது நித்திரை. அழைத்தும் தெளியாதது வேறு. விடுதியில் தாதியர் இரவில் எழுப்பி நாடி பார்ப்பதும் இக்காரணம் பற்றியே. அதனைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை.

அத்தாதியரும் வைத்தியரும் துயில்கின்றனரா என்ற வினாவும் எழும். பொஸ்தன் நகர வைத்தியசாலையொன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், பயிற்சி வைத்தியர்கள் இருபத்துநான்கு மணிக்கு மேல் தொடர்ந்து கடமையாற்றிய முறையில், நேரம் குறைக்கப்பட்ட முறையிலும் பார்க்கக் கடும் பிழைகள் நூற்றுக்கு 36 அளவில் அதிகமாயிருந்தன என்று 2004இல் அறியப்பட்டது. வீட்டில் நோயாளியைப் பார்ப்பவளோ எந்தக் கடமை நேரப் பட்டியலிலும் இடம்பெறாதவள். அறளை பெயர்ந்த உறவினரை நெடுநாள் பராமரித்த பெண்களின் கையில் மிகச் சிறு தோற்காயம் ஒன்றை உண்டாக்கிப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்று, அது ஆறுவதற்கு அதே வயதுள்ள ஏனையோரிலும் ஒன்பது நாள் அதிகம் சென்றதென 1995இற் கூறிற்று. அவ்வாய்வு அளந்தது மனச்சுமையின் பயனை; ஆயினும் அச்சுமையுள் துயிலாத இரவுகளும் அடங்கும் என்பதை அத்தகைய வீட்டில் வாழ்ந்தோர் அறிவர். பார்க்க வரும் உறவினர் உண்மையில் உதவ விரும்பின், நோயாளியின் மனைவியையோ மகளையோ ஓர் இரவு வேறறையிற் சென்று படுக்கவைத்து, தாம் கட்டிலருகே இருக்கலாம். பை நிறையத் தோடம்பழம் கொணர்வதினும் அது கடினமானது. ஆகையாற்போலும் அதனைச் செய்வார் சிலரே.

மூலைக் கட்டிலுக்கு வந்த ஐவரும் வேறு யாது செய்திருக்கலாம்? பையைச் சிறு அலுமாரியின்மேல் வைத்துவிட்டு, விறாந்தை வாங்கில் அமர்ந்திருக்கலாம். பார்வை நேரம் முடியுமுன் முதியவர் தாமே விழித்தாற் கண்டு பேசலாம். விழிக்காவிடின், "உங்களைப் பார்க்க வந்தவர்கள், நீங்கள் நித்திரையாயிருந்தபடியால் எழுப்பாமற் போய்விட்டார்கள்" என்று தாதி சொல்லக் கேட்டு, இரவு உணவுக்கு எழுந்த அவர் ஒரு தோடம்பழத்தை உரித்து உண்பார்.